பார்லோ லென்ஸும் காவலூர் பாடமும்

டெலஸ்கோப் வாங்கினவங்க அடுத்து தேடுறது பார்லோ லென்ஸ். வூல்விச் ராணுவ அகாடமியில கணக்கு சொல்லிக்கொடுத்த பீட்டர் பார்லோ யோசிக்க, லண்டன் கருவித் தயாரிப்பாளர் ஜார்ஜ் டாலண்ட் 1833-ல் செஞ்சு கொடுத்தது. கண்வில்லைக்கு முன்னால ஒரு குழிலென்ஸ். குவியத்தூரம் நீளும், உருவம் பெருசாகும். அவ்ளோதான் சங்கதி. ஒளி ஒரு சொட்டுகூட அதிகமாகாது!

எங்க திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஜவ்வாது மலையில, காவலூர்ல, வைணு பாப்பு 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோட ஆரம்பிச்சார். அந்த இடத்துக்குப் போனது உருப்பெருக்கத்துக்காக இல்லை, நல்ல வானத்துக்காக. 1972-ல் 1 மீட்டர் கருவி வந்தது. 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் வளையங்கள் நட்சத்திர ஒளியை மறைச்சதை அங்கேயும் பதிவு பண்ணாங்க.

நம்ம கதைக்கு வருவோம். என்கிட்ட இருக்கறது 114 மி.மீ. விட்டம், 900 மி.மீ. குவியத்தூரம். 10 மி.மீ. கண்வில்லையில 90 மடங்கு தெரியும். 2 மடங்கு பார்லோ போட்டா 180. 5 மடங்கு போட்டா 450. விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 228தான் உச்சவரம்பு. அதுக்கு மேல சனி வளையம் கஞ்சி மாதிரி கலங்கும். பகலெல்லாம் வெயில் குடிச்ச பாறை ராத்திரி சூட்டைக் கக்கும்போது 180-ஏ ஆடும். கிரகப் படம் எடுக்கவும் எஃப்/8 கருவி எஃப்/16 ஆகுது, தாராளம்.

ஆக மக்களே, 2 மடங்கே வாங்குங்க. மிச்சக் காசுல மலையை விட்டுத் தள்ளிப் போக பஸ் டிக்கெட் எடுங்க!