மஜ்ஜையின் நாளங்களும் வேலூரின் ஆர்செனிக்கும்

1911 வரை, வேலூரையும் உள்ளடக்கிய வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். மாவட்டம் பிரிந்த பிறகும், இரத்தப் புற்றுநோய் என்றால் சித்தூரை அடுத்த புத்தலப்பட்டு வட்டாரத்தார் தெற்கே வேலூருக்கு வண்டி ஏறும் வழக்கம் விடவில்லை. அந்த வேலூரில் நடந்த ஓர் ஆய்வு, எலும்பு மஜ்ஜையில் இரத்த நாளங்கள் பெருகுவது குறித்த பெரிய விவாதத்துக்கு வெளிச்சம் தருகிறது. புதிய இரத்த நாளங்கள் இல்லாமல் கட்டி வளராது என்று 1971-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். மஜ்ஜையிலோ ஏற்கெனவே நாளங்கள் மண்டிக் கிடக்கின்றன. நோய்க்குப் புதியவை எதற்கு என்ற மறுப்பு எழுவது இயல்பு. விடை நுண்ணோக்கியில் கிடைத்தது. 1994-ல் ஆஞ்சலோ வாக்காவின் இத்தாலியக் குழு, மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் முனைப்பாக இருக்கும் மஜ்ஜையில் நாளங்கள் அடர்ந்திருப்பதைக் காட்டியது. 1997-ல் ஃபோக்மன் குழு, லுக்கீமியா வந்த குழந்தைகளிடமும் அதையே கண்டது.

நாளப் பெருக்கம் உண்மை. ஆனால் மருந்துகள் நாளத்தை அறுத்ததால்தான் நோய் தணிந்தது என்பதை நான் ஏற்கவில்லை. நாளம் வளர்வதைத் தடுக்கும் என்று நம்பித்தான் தாலிடோமைடை மைலோமாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு மருந்துகளுக்கு மசியாத 84 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது பலன் தந்ததாக 1999-ல் அறிவிப்பு வந்தது. 2010-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அம்மருந்து பற்றிக்கொள்ளும் செரிப்ளான் என்ற புரதத்தைக் கண்டறிந்தார்கள். அதன் வழியாகப் புற்றணு உயிர்வாழத் தேவையான புரதங்களையே அது அழிக்கிறது என்பது 2014-ல் தெளிவானது. அப்படியானால் நாளக் கோட்பாடு வீணா? இல்லை. அது இல்லாவிட்டால், கருவிலிருந்த குழந்தைகளை ஊனமாக்கி ஒதுக்கப்பட்ட மருந்தை மைலோமா நோயாளிக்கு யார் கொடுத்திருப்பார்கள்?

வேலூர்ச் சான்று இன்னும் அழுத்தமானது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை, புரோமைலோசைட்டிக் லுக்கீமியா வந்த 72 பேருக்குப் பெரிதும் ஆர்செனிக் டிரை ஆக்ஸைடை மட்டுமே நம்பிச் சிகிச்சை தந்தார்கள். வழக்கமான சிகிச்சையின் செலவு பலருக்கு எட்டாதது என்பதே இந்தத் துணிவுக்கு ஒரு காரணம். 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. ஆர்செனிக்கும் நாளங்களைத் தடுக்கிறது என்று சோதனைக்கூட ஆய்வுகள் சொல்வது மெய்தான். ஆனாலும் இந்நோய்க்கு வேரான கோளாறுப் புரதத்தை அது நேரடியாகவே சிதைக்கிறது. அந்தப் புரதம் இல்லாத பிற லுக்கீமியாக்களில் இதே வெற்றி கிட்டவில்லை. நாளத்தைத் தடுத்ததுதான் காரணம் என்றால் அங்கும் கிட்டியிருக்க வேண்டாமா? வேலூர் முடிவுகள் 2006-ல் வெளியாயின. இதே நோயில் அபாயம் குறைந்தவர்களுக்கு ரெட்டினாயிக் அமிலம் என்ற மருந்தோடு ஆர்செனிக் கொடுத்தால் கீமோதெரபி தேவையில்லை என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நிறுவியது 2013-ல்.