பேபி, சோலார், கட்டர்: பாட்டுக்கு வெளிச்சம் பிடித்தவர்கள்

போன வருஷம் நண்பன் ஒருவன் தனிப்பாடல் ஒன்றுக்கு வீடியோ எடுத்தான். சினிமாப் பாட்டு இல்லை. அவனே எழுதி, அவனே மெட்டுப்போட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் எடுத்த பாட்டு. ஆள் பற்றாக்குறை. "நீ வந்து லைட்டிங் அசிஸ்டண்டா நில்லுடா, பெரிய வேலை ஒண்ணும் இல்ல" என்றான். இருபது வருஷமாக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே சம்பாதிப்பவன் நான். சனிக்கிழமைதானே என்று போய்விட்டேன்.

சாலிகிராமம் பக்கம் ஒரு சின்னத் தளம். வாடகை யூனிட்டோடு இரண்டு லைட்மேன்கள் வந்திருந்தார்கள். மூத்தவருக்கு அறுபது நெருங்கும். முதல் அரை மணி நேரம் என்னை "சார்" என்றார். நான் ஒரு ஸ்டாண்டை விரிக்கத் தெரியாமல் விரலை நசுக்கிக்கொண்ட பிறகு "தம்பி" ஆகிவிட்டேன்.

"தம்பி, அந்த பேபியத் தூக்கிட்டு வா. அப்படியே கட்டர் ஒண்ணு."

சுற்றுமுற்றும் பார்த்தேன். பேபி என்பது ஆயிரம் வாட் விளக்கு, கட்டர் என்பது வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புத் துணிச் சட்டம் என்று மற்றவர் காட்டிக்கொடுத்தார். மதியத்துக்குள் சோலார், ஸ்கிம்மர், தெர்மகோல் என்று பத்துப் பதினைந்து வார்த்தைகள் சேர்ந்துவிட்டன. நம்ம புத்தி தெரியுமே. வீட்டுக்கு வந்து தோள் வலிக்கு தைலம் தேய்த்துக்கொண்டே, இந்தப் பெயர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

முதலில் சோலார். சூரிய மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஹாலிவுட்டில் 1927-ல் பீட்டர் மோல் ஆரம்பித்த மோல்-ரிச்சர்ட்சன் கம்பெனி, 1930-களின் நடுவில் 'சோலார்ஸ்பாட்' என்ற பெயரில் ஒரு விளக்கு வரிசையைக் கொண்டுவந்தது. அதில் பேபி உண்டு, ஜூனியர் உண்டு (2,000 வாட்), சீனியர் உண்டு (5,000 வாட்). கம்பெனியின் விலைப்பட்டியல் பெயர்கள் சாலிகிராமத்தில் இன்னும் பொதுப்பெயராக நடமாடுகின்றன. விளக்கு எந்தக் கம்பெனி தயாரிப்பாக இருந்தாலும் அது 'சோலார்'தான். அந்த விளக்கின் முகத்தில் வளையம் வளையமாக இருக்கும் கண்ணாடி இன்னும் பழையது. பிரெஞ்சுக்காரர் ஃப்ரெனெல், கலங்கரை விளக்கத்துக்காக உருவாக்கியது. 1823-ல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் ஏற்றினார்கள். கப்பலுக்கு வழிகாட்ட வந்த கண்ணாடி, கதாநாயகியின் கன்னத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்த விளக்குகளுக்கு முன்னால் சூரியன்தான். சென்னையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்தபோது, புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் இருந்த அவருடைய ஸ்டுடியோவுக்குக் கூரையாக மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியாக வெயிலை வடிகட்டினார். அன்று மதியம் நாங்கள் வெளியில் இரண்டு ஷாட் எடுத்தபோது நான் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஸ்கிம்மரும் அதே வேலையைச் செய்யும் அதே வெள்ளைத் துணிதான். நூறு வருஷத்தில் சட்டம் இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான். காற்றடித்தால் அது இன்னும் ஆளைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது.

வெயிலுக்குப் பதிலாக வந்தது கார்பன் ஆர்க். இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கு இடையில் மின்சாரம் பாயும். முனை தகதகவென்று எரியும். எரிய எரிய குச்சி குறையும், இடைவெளி கூடும், விளக்கு தடுமாறும். அதனால் பக்கத்தில் ஒரு ஆள் நின்று குச்சியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பிற்பாடு மோட்டார் வந்தது, ஆனாலும் ஆள் போகவில்லை. புகை, சாம்பல், புற ஊதாக் கதிர் எல்லாம் இலவசம். 1920-களில் ஹாலிவுட் நடிகர்களுக்கு இந்த வெளிச்சத்தால் கண் சிவந்து வீங்கியது, 'க்ளீக் கண்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நடிகர் ஷாட் முடிந்ததும் நகர்ந்துவிடலாம். விளக்கின் பக்கத்தில் நிற்பவர் எங்கே போவார்?

பேசும்படம் வந்ததும் புதுச் சிக்கல். ஆர்க் விளக்கு ரீங்காரம் போடும், மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். 1928 வாக்கில் ஹாலிவுட் அவசர அவசரமாக டங்ஸ்டன் பல்புக்கு மாறியதற்கு இந்தச் சத்தம் ஒரு காரணம், அப்போது பரவிய பாங்க்ரோமாடிக் ஃபிலிம் சிவப்பு ஒளியையும் பதிந்தது இன்னொரு காரணம். நம்ம பக்கம் 1931-ல் 'காளிதாஸ்' வந்தபோது நடிகர்கள் காமிரா முன்னால் பாடிக்கொண்டேதான் நடித்தார்கள். விளக்கும் சத்தம் போடக்கூடாது, விளக்குப் பிடிப்பவரும் தும்மக்கூடாது. 1938-ல் ஏ.வி.மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாடல் முறை வந்தது. தியாகராஜ பாகவதர் காலம் போய் பின்னணிப் பாடகர் காலம் வந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. பாட்டு முன்கூட்டியே பதிவாகிவிட்டால், படப்பிடிப்பில் எவ்வளவு சத்தம் வந்தாலும் பரவாயில்லை. எத்தனை விளக்கு வேண்டுமானாலும் போடலாம், பாட்டு நடுவில் விளக்கைத் தள்ளிக்கொண்டு ஓடலாம், 'ஏய், மேல இருக்கறத இறக்கு' என்று கத்தலாம். பாட்டுக் காட்சி பிரம்மாண்டமாக மாறுவதற்கு இதுவும் ஒரு வாசல்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும், எஞ்சினியர் புத்தி விடாது.

தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', கேவா கலர். 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' ஈஸ்ட்மன் கலர். 1962-ல் ஈஸ்ட்மன் கம்பெனி விட்ட வண்ண நெகடிவின் வேகம் ஏஎஸ்ஏ 50. இன்றைய டிஜிட்டல் காமிராக்கள் பலவற்றில் சாதாரணமாக வைப்பது 800. அதாவது, இன்று ஒரு விளக்கு போதும் என்கிற இடத்தில், அன்று அதே லென்ஸ் திறப்புக்குப் பதினாறு விளக்கு. அதுவும் டங்ஸ்டன். உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியே வரும். பத்து ஜூனியர் சோலார் எரிந்தால் இருபதாயிரம் வாட். இருபது இஸ்திரிப்பெட்டிகளை ஒரே நேரத்தில் சூடாக்கி ஒரு மூடிய அறையில் வைத்த மாதிரி. சூடு மேலே போகும். மேலே, கூரையை ஒட்டிய பரணில், லைட்மேன் உட்கார்ந்திருப்பார்.

பாட்டு என்றால் இன்னும் மோசம். நடனம் மிதப்பது போலத் தெரிய, ஆனால் உதடு பாட்டோடு ஒத்துப்போக, ஒரு தந்திரம் உண்டு. காமிராவை நொடிக்கு 48 ஃப்ரேமில் ஓடவிட்டு, பாட்டையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிடுவார்கள். நடிகர் அந்த எலிக்குரல் பாட்டுக்கு வாயசைப்பார். பிறகு 24 ஃப்ரேமில் ஓட்டினால் அசைவு நிதானமாகும், உதடு சரியாகப் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் நேரம் பாதி. அப்படியானால் வெளிச்சம் இரண்டு மடங்கு வேண்டும். வசனக் காட்சிக்கு நாலு பேர் தூக்கிய சுமை, பாட்டுக்கு எட்டுப் பேர் சுமையாகிறது. நாம் திரையில் பார்ப்பது பஞ்சு மாதிரி மிதக்கும் புடவைத் தலைப்பு.

வெளிச்சத்துக்காகவே பேசப்படும் பாட்டு ஒன்று உண்டு. 1959-ல் குரு தத் எடுத்த 'காகஸ் கே ஃபூல்', இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். 'வக்த் நே கியா' பாட்டில் காலியான ஸ்டுடியோவுக்குள் மேலிருந்து ஒரு ஒளிக்கற்றை கத்தி மாதிரி இறங்கும். ஒளிப்பதிவாளர் வி.கே.மூர்த்தி, மைசூர்க்காரர். விளக்குகளால் அந்த இணையான கற்றை கிடைக்காது என்று, வெளியே ஒரு பெரிய கண்ணாடியை வைத்து வெயிலை உள்ளே திருப்பி, உள்ளே இன்னொரு கண்ணாடியில் வாங்கி இறக்கினார். பின்னாளில் தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர். விருதுக்கு முழுத் தகுதியானவர், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் சூரியன் நிற்காதே. நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி நகரும். கண்ணாடி அசையாமல் இருந்தால் திரும்பி வரும் கற்றையும் ஒரு டிகிரி நகரும். இருபது மீட்டர் தள்ளி அது ஒரு அடிக்கு மேல் விலகல். நடிகை நிற்கும் இடத்திலிருந்து வெளிச்சம் நழுவிவிடும். ஆகவே, வெளியில், வெயிலில், அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். உள்ளே நடந்த பாட்டை அவர் பார்த்திருக்க முடியாது. அந்தப் பாட்டை யூடியூபில் எப்போது பார்த்தாலும் இப்போது எனக்கு அந்த ஆள் ஞாபகம்தான் வருகிறது. மும்பையில் அவரை 'லைட் பாய்' என்பார்கள். பேரன் எடுத்தவரையும் பாய் என்று கூப்பிடும் பழக்கம். நம்ம ஊர் 'லைட்மேன்' அந்த வகையில் எவ்வளவோ தேவலை.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் கல்கத்தாவில் சுப்ரதா மித்ரா 'அபராஜிதோ'வுக்காக வேறு வழி கண்டார். காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டு, மேலே துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை நேராக அடிக்காமல் அந்தத் துணியில் பட்டுத் திரும்ப வைத்தார். நிழல் விழாத, வானத்து வெளிச்சம் கிடைத்தது. இன்று தெர்மகோல் அட்டையில் வெளிச்சத்தைத் தட்டித் திருப்புவதும் அதே வேலை. நான் அன்று அதிக நேரம் பிடித்துக்கொண்டு நின்றது தெர்மகோல்தான். எடையே இல்லாத பொருள். பத்து நிமிஷம் ஆடாமல் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது ஹெச்எம்ஐ. ஜெர்மன் டிவிக்காக ஓஸ்ராம் உருவாக்கிய விளக்கு. அதே வாட்டுக்கு டங்ஸ்டனைவிட மூன்று நாலு மடங்கு வெளிச்சம், பகல் நிறம், சூடு குறைவு. ஆனால் பழைய வகை சோக்கில் ஓடும் ஹெச்எம்ஐ, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை கூடிக் குறையும். காமிரா வேகமும் அந்தத் துடிப்பும் ஒத்துப்போகாவிட்டால் படம் படபடவென்று அடிக்கும். டங்ஸ்டன் இழை சட்டென்று ஆறாது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். அன்று தளத்தில் நேரில் பார்த்தேன். பின்னணிக்காக நண்பன் மலிவான எல்இடி பட்டைகளை வாங்கி ஒட்டியிருந்தான். 48 ஃப்ரேமில் எடுத்தபோது மானிட்டரில் கோடு கோடாக ஓடியது. கேபிளா, காமிராவா, மென்பொருளா என்று நாங்கள் படித்தவர்கள் மூன்று பேர் இருபது நிமிஷம் விவாதித்தோம். பெரியவர் தன் போனை எடுத்து, காமிராவைத் திறந்து, பட்டைக்கு நேராகக் காட்டினார். போனிலும் கோடு ஓடியது.

"காமிரா சரியாத்தான் இருக்கு தம்பி. அம்பதுல வெச்சு எடுக்கச் சொல்லு."

50 ஃப்ரேம், ஷட்டர் நூறில் ஒரு நொடி. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக ஒரு முழுத் துடிப்பு. கோடு போய்விட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஹெச்எம்ஐ வந்த புதிதில் ஜெனரேட்டர் வண்டியில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நிற்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலையாம். "முள்ளு அம்பதுல இருந்து நகந்தா கேமராமேன் நம்மளத்தான் திட்டுவாரு. திட்டு வாங்கி வாங்கிக் கத்துக்கிட்டதுதான்." எங்கும் எழுதி வைக்கப்படாமல், ஒரு தலைமுறை லைட்மேன்களின் தலைக்குள் மட்டும் இருக்கும் இந்த மாதிரி விஷயங்கள் எத்தனை இருக்கும் என்று யோசித்தால் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது. என் துறையில் இதை 'டாகுமெண்டேஷன் இல்லாத சிஸ்டம்' என்போம், அதைத் தெரிந்த ஆள் வேலையை விட்டுப் போகும்வரை யாரும் கவலைப்பட மாட்டோம்.

ஆபத்தும் குறைந்துவிடவில்லை. விளக்கின் எடை குறைந்தது, ஆனால் அதைத் தொங்கவிடும் உயரம் கூடியது. 2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில், ராட்சத விளக்கைத் தாங்கிய கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். 2023 மார்ச்சில் ஒரு பாட்டுப் படப்பிடிப்பில் கிரேனில் கட்டித் தொங்கவிட்ட அலங்கார விளக்குகள் மேடையில் விழுந்தன. நடுவில் நின்று பாடிய ஏ.ஆர்.அமீன் மயிரிழையில் தப்பினார். அதே மாதம் 19-ம் தேதி ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் லைட்மேன்களின் குடும்ப நல நிதிக்காகக் கச்சேரி நடத்தினார். நல்ல காரியம். ஆனால் கச்சேரி வைத்துத்தான் நிதி சேர்க்க வேண்டும் என்ற நிலைமை இத்தனை கோடி புரளும் தொழிலில் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இரவு பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்தது. கேபிளை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தேன். பெரியவர் பிடுங்கி, மொத்தத்தையும் அவிழ்த்து, ஒரு வளையம் இப்படி ஒரு வளையம் அப்படி என்று கையில் சுற்றிக் காட்டினார். "முறுக்குனா உள்ள கம்பி உடையும். நாளைக்கு எவனுக்கோ ஷாக் அடிக்கும்." டைட்டிலில் போடப் பெயர் கேட்டேன். "பேரெல்லாம் எதுக்கு தம்பி, பேட்டாவ இன்னிக்கே வாங்கிக் குடுத்துரு" என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து நண்பன் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க அனுப்பினான். பத்து நிமிஷம் வந்துபோன ட்ரோன்காரர் பெயர் இருந்தது. லைட்டிங் அசிஸ்டண்ட் என்று என் பெயர், அதுவும் நடுவில். லைட்மேன்கள் இருவர் பெயரும் இல்லை. யூனிட் ஆபீஸில் நம்பர் வாங்கி அவருக்குப் போன் போட்டு, பெயரைப் போடப்போகிறோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு நிறுத்தி நிதானமாக எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

போனை வைக்கப் போகும்போது, "தம்பி, இனிஷியல் ரெண்டு இருக்கு. ரெண்டையும் போட்டுரு" என்றார்.