பதம் முடிந்து தில்லானா

பெரு தேசத்து ஆண்டீஸ் மலைநாட்டில், அரேக்கிப்பா நகரத்துக் கவிஞர் மரியானோ மெல்கார், கைகூடாத காதலை ‘யாரவி’ என்னும் விளம்ப கதிப் பாட்டுகளாக வடித்துவிட்டு விடுதலைப் போரில் சேர்ந்து, 1815-இல் ஸ்பானியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். யாரவியைப் பாடி முடித்த கையோடு துரித கதியில் ‘வைனோ’ ஒன்றை எடுத்து ஆடுவது அந்நாட்டு வழக்கம்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. சதிர் என்னும் பரதநாட்டியக் கச்சேரியில் வர்ணத்தின் ஆரவாரம் அடங்கிய பின் விளம்ப கதியில் பதம் வரும், அதையடுத்து ஜாவளி, முடிவில் துரித கதியில் தில்லானா. பதினேழாம் நூற்றாண்டில் க்ஷேத்ரக்ஞர் இயற்றிய தெலுங்குப் பதங்களில், வேறொருத்தியின் சந்தன வாசனையோடு விடியற்காலையில் வந்து நிற்கும் நாயகனை நாயகி எதிர்கொள்ளும் கட்டம் ஒன்று உண்டு. அவள் பாடும் அடி ஒன்றுதான். ஆயினும் முதல் முறை கண்ணில் கோபமும், அடுத்த முறை உதட்டோரத்தில் பரிகாசமும், பின்னர் அவன்மேலேயே ஓர் இரக்கமும் தோன்றி, கடைசியில் மரியாதை குன்றாமல் வாசலைக் காட்டி வழியனுப்பும்போது, தோற்றவள் அவளல்லள் என்பது சபைக்குத் தெளிவாகிவிடும்.

இந்த அபிநயத்தில் தாமே பாடிக்கொண்டு பாவம் காட்டும் ஆற்றல் வாய்ந்தவர், கபாலீசுவரர் கோயில் ஊழியத்துக்கு அர்ப்பணிக்கப்பட்ட மயிலாப்பூர் கௌரி அம்மாள். 1932-இல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் ஆடியவர். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கும், பின்னால் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவிக்கும் கற்பித்தவர். தேவதாசி முறையை ஒழித்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பல பெண்களுக்கு விமோசனமாயிற்று என்பது மெய்யே. ஆனால் அதே சட்டத்தால் அந்தக் கலைஞர்களுக்குக் கோயிலோடிருந்த பந்தமும் அதைச் சார்ந்த ஜீவனமும் அறுந்தன. வறுமை சூழ்ந்த முதுமையிலும் கௌரி அம்மாள் அபிநயம் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. அவரிடம் இளமையில் கற்று, விவாகத்துக்குப் பின் மேடையை விட்டிருந்த கலாநிதி நாராயணன், பல்லாண்டுகள் கழித்து 1973-இல் அதே பதங்களைக் கற்பிக்கத் தொடங்கினார்.

துக்கத்தை மறக்கச் சொல்வது நம் சம்பிரதாயமன்று. அதன் ஒவ்வொரு சஞ்சாரத்தையும் நிதானமாகக் காட்டி முடித்த பிறகே ஜதிக்கும் தில்லானாவுக்கும் இடம் வைத்தார்கள். அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு வரும் உற்சாகம் நிலைப்பதில்லை என்பதை, அந்தக் கச்சேரி முறையை வகுத்தவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.