விளைபொருளில் மருந்து எச்சம்: மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் காட்டிக்கொடுக்கும்!

காய், பழங்களில் தங்கிவிடும் பூச்சிமருந்து நம் கண்ணுக்குத் தெரியாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எனப்படும் நிறை நிறமாலைமானிக்குத் தெரியும்.

கருவி செயல்படும் விதம்

அரைத்த மாதிரியிலிருந்து எடுக்கும் சாற்றிலுள்ள மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, எடைவாரியாகப் பிரிக்கிறது இக்கருவி. 1978-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் யோஸ்ட், என்கே ஆகியோர் உருவாக்கிய வகை, பிரித்த மூலக்கூறை உடைத்து, அந்தத் துண்டுகளையும் எடை பார்க்கும். அதனால் எந்த மருந்து என்பது உறுதியாகிவிடும். இன்றைய கருவிகள் ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடுகின்றன.

ஏன் கவனம் தேவை?

தனி வரம்பு இல்லாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது 100 டன்னுக்கு 1 கிராம். 2010-ல் குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் எச்சம் இருந்ததால் இந்தியத் திராட்சை அங்கு நிராகரிக்கப்பட்டது.

செய்ய வேண்டியவை

• லேபிளில் உங்கள் பயிரின் பெயர் உள்ள மருந்தை மட்டும், குறிப்பிட்ட அளவில் தெளியுங்கள்.

• கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே, லேபிளில் சொல்லியுள்ள நாட்கள் காத்திருங்கள்.

• தெளிப்பான் டேங்கை ஒவ்வொரு முறையும் நன்கு கழுவுங்கள்.

• தெளித்த தேதி, மருந்து, அளவு மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

• ஏற்றுமதிக்கு என்றால், அறுவடைக்கு முன்பே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மாதிரியைப் பரிசோதித்துவிடுங்கள். செடிக்குள் ஊடுருவிய மருந்தைப் பிறகு கழுவி நீக்க முடியாது.