காணாத தேசத்தை எழுதுதல்: பிராம் ஸ்டோக்கரின் குறிப்புகள்

1897 மே மாதம் லண்டனில் வெளிவந்த 'டிராகுலா' நாவலின் முதற் பக்கங்களைப் படிப்பவர்கள், அதன் ஆசிரியர் ட்ரான்சில்வேனியாவில் சில காலமேனும் வாழ்ந்திருப்பார் என்றே எண்ணுவர். மூனிச்சில் இரவு 8.35க்குப் புறப்படும் புகையிரதம் வியன்னாவை ஒரு மணிநேரம் பிந்தி அடைகிறது. கிளவுசன்பர்க் நகர விடுதியில் மிளகாய்த்தூளிட்டுச் சமைத்த கோழிக்கறியை உண்ட கதாபாத்திரத்துக்குத் தாகமெடுக்கிறது. மறுநாட் காலை 'மாமாலிகா' எனும் சோளமாக் களியும், இறைச்சி அடைத்த கத்தரிக்காயும் கிடைக்கின்றன. ஆனால் பிராம் ஸ்டோக்கர் அந்த நாட்டை ஒருநாளும் கண்டதில்லை.

டப்ளினில் 1847இல் பிறந்த ஸ்டோக்கர், 1878 முதல் லண்டன் லைசியம் நாடக அரங்கின் முகாமையாளராகப் பணியாற்றியவர். 1890 மார்ச்சில் இந்நாவலுக்கான குறிப்புகளை எழுதத் தொடங்கினார். அவை இப்போது பிலடெல்பியாவிலுள்ள ரோசன்பாக் நூதனசாலையில் இருக்கின்றன. 2008இல் நூலுருவமும் பெற்றன. ஆகவே எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்பதை இன்று நாம் தேடிப் பார்க்கலாம்.

கதை முதலில் ஒஸ்திரியாவின் ஸ்டீரியா மாநிலத்தில் நிகழ்வதாகவே திட்டமிடப்பட்டிருந்தது. பிரபுவின் பெயரும் 'வாம்பயர்' என்றே இருந்தது. 1890 கோடையில் இங்கிலாந்தின் விட்பி எனும் கரையோர ஊரில் தங்கியிருந்தபோது, அங்குள்ள நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் 1820இல் எழுதிய நூலொன்று அவர் கைக்கு வந்தது. அதிலிருந்தே 'டிராகுலா' எனும் பெயரையும், வல்லாக்கிய மொழியில் அது பிசாசைக் குறிக்கும் என்ற விளக்கத்தையும் அவர் எடுத்தெழுதினார். எமிலி ஜெராட் 1885இல் எழுதிய கட்டுரை மக்களின் நம்பிக்கைகளைத் தந்தது. சார்ள்ஸ் போனர், மேஜர் ஜோன்சன் ஆகியோரின் பயண நூல்கள் நாட்டையும் மக்களையும் பற்றிய விபரங்களைத் தந்தன.

இதே நாவலில் விட்பி ஊரும் வருகிறது. அங்கே அவர் வேறு விதமாகத் தகவல் திரட்டினார். 1885 ஒக்டோபரில் அக்கரையில் தரைதட்டிய 'திமித்ரி' எனும் ருஷ்யக் கப்பலைப் பற்றிக் கரையோரக் காவலரிடம் விசாரித்தார். கல்லறைகளிலிருந்த பெயர்களைப் பிரதிசெய்தார். வட்டார வழக்குச் சொற்களையும் சேகரித்தார். இதன் பயனாகவே கிழவர் ஸ்வேல்ஸ் எனும் மீனவர் உயிர்பெற்றார். அவர் பகிடி பண்ணுகிறார், வாதாடுகிறார், கல்லறை வாசகங்களின் பொய்களைக் கிண்டலடிக்கிறார்.

ட்ரான்சில்வேனியக் குடியானவர்களில் அத்தகைய ஒருவரேனும் இல்லை. அவர்களுக்கு உடை உண்டு, உணவு உண்டு, அச்சம் உண்டு. சிலுவைக் குறியிட்டு எச்சரிப்பதற்கு அப்பால் அவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஸ்டோக்கருக்குக் கிடைத்த நூல்களெல்லாம் பிரித்தானியர் எழுதியவை. அவை வந்துபோனவர்களுக்குத் தெரிந்ததைச் சொன்னவை. அங்கு வாழ்ந்தவர்களின் குரல் அவற்றில் பதிவாகவில்லை. அந்நூல்களின் தவறுகளும் நாவலுக்குள் வந்து சேர்ந்தன. இரத்தம் குடிக்கும் ஆவியை ருமேனியக் கிராமத்தவர் 'ஸ்திரிகோய்' என்பர். ஜெராட்டின் கட்டுரையிலிருந்து ஸ்டோக்கர் எடுத்ததோ 'நொஸ்ஃபெராட்டு' எனும் சொல். வல்லாக்கிய மன்னனின் பெயரைத் தாங்கிய பிரபு தன்னை ஹங்கேரிய மொழி பேசும் செக்லர் இனத்தவன் என்கிறான். இரு சமூகங்களின் வரலாறுகள் அவனில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

அந்த மக்களின் மொழியில் நாவலின் முழுமையான மொழிபெயர்ப்பு 1990இல்தான் வெளிவந்தது. அதற்குள் உலகம் அவர்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. நாவலில் வரும் 'பொற்கிரீட' விடுதியைத் தேடி வந்த உல்லாசப் பயணிகளுக்காக, பிஸ்திரிட்சா நகரில் அதே பெயரில் ஒரு ஹோட்டலே 1970களில் எழுந்தது. எழுத்தாளன் ஒருவன் நூலகத்திலிருந்து உருவாக்கிய ஊருக்கு உண்மையான ஊர் இணங்கிப்போக நேர்ந்தது.

ஸ்டோக்கரின் உழைப்பு மதிக்கத்தக்கது. நேரசூசியையும் சமையலையும் நூல்களிலிருந்து பெறலாம் என்பதை அவர் நிரூபித்தார். இன்று கைத்தொலைபேசியில் வரைபடமும் புகைப்படமும் கிடைப்பதால் அந்த வேலை இன்னும் இலகுவாகிவிட்டது. எனினும், ஓர் ஊரவர் எதற்குச் சிரிப்பர், எதற்குக் கோபிப்பர் என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். பிறர் எழுதியவற்றில் தம் முகத்தை அடையாளம் காணமுடியாது போன சமூகங்களுக்கு இந்த வேறுபாடு நன்கு புரியும். பிறரைப் பற்றி எழுத முனையும்போது நாமும் இதனை நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.