மூளை வரைந்த கோடு



மத்தேயு சுவிசேஷம் பதினேழாம் அதிகாரத்தில், ஒரு தகப்பன் நம் ஆண்டவர் முன் முழங்காற்படியிட்டுத் தன் மகனுக்காக மன்றாடுவதை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். நெருப்பென்றும் நீரென்றும் பாராமல் விழுந்துவிடும் அந்தப் பிள்ளையை நம் தமிழ் வேதாகமம் 'சந்திரரோகி' என்று அழைக்கிறது. நிலவின் வளர்பிறையும் தேய்பிறையும் இந்த நோயைத் தூண்டுகின்றன என்று அக்காலத்தார் நம்பினர். மூலமொழியாகிய கிரேக்கச் சொல்லுக்குள்ளும் நிலவே இருக்கிறது. இன்றைய மருத்துவர் ஒருவர் அப்பகுதியை வாசித்தால், வலிப்பு நோயின் அடையாளங்களை உடனே கண்டுகொள்வார்.

அந்தப் பிள்ளையிடமிருந்து பிசாசு துரத்தப்பட்டதாகச் சுவிசேஷம் கூறுவது உண்மையே. ஆனால் அதே மத்தேயு, நான்காம் அதிகாரம் 24ஆம் வசனத்தில், ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்ட பிணியாளிகளைப் பட்டியலிடும்போது, பிசாசு பிடித்தவர்களை ஒரு வகையாகவும் சந்திரரோகிகளை வேறொரு வகையாகவும் எழுதியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததைக் கொண்டு வலிப்பு வந்தவர் அனைவரையும் பிசாசு பிடித்தவர்கள் என்று முத்திரையிட வேதம் இடம் கொடுக்கவில்லை. சபைகளோ நூற்றாண்டுகளாக அந்த முத்திரையைத் தயக்கமின்றிக் குத்தி வந்தன. அந்த முத்திரையை அழிக்க உதவிய ஒரு கருவியின் வரலாற்றை இந்த வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன். அது மகிமையும் வெட்கமும் கலந்த வரலாறு.

கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீசின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று, வலிப்பு மற்ற நோய்களைக் காட்டிலும் தெய்வீகமானதன்று, அதன் இருப்பிடம் மூளையே என்று வாதிட்டது. அந்தக் குரலை உலகம் நெடுங்காலம் செவிமடுக்கவில்லை. 1873இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரெனவும் அளவுக்கு மீறியும் நிகழும் ஆற்றல் வெளியேற்றமே வலிப்பு என்று வரையறுத்தார். அதைக் கண்ணால் காட்ட அவரிடம் கருவி ஏதும் இல்லை. துடிப்பு ஒரு விரலில் தொடங்கிக் கைக்கு ஏறி முகத்திற்குப் பரவுவதைப் பொறுமையோடு கவனித்தே அம்முடிவுக்கு வந்தார். இரண்டாண்டுகள் கழித்து, லிவர்பூல் நகரில் ரிச்சர்ட் கேட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டம் இருப்பதை அளந்து அறிவித்தார். மனித மூளையின் மின்னோட்டத்தைக் காண மேலும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற இளைஞர் 1890களின் தொடக்கத்தில் இராணுவப் பயிற்சியில் இருந்தார். ஒருநாள் குதிரையிலிருந்து வீழ்ந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் நசுங்காமல் மயிரிழையில் தப்பினார். அன்றே வீட்டிலிருந்து தந்தி வந்தது. அவருக்கு ஏதோ ஆபத்து என்று அவருடைய தமக்கை உணர்ந்து, தந்தையை வற்புறுத்தி அனுப்பச் செய்த தந்தி அது. ஒருவர் எண்ணம் மற்றொருவரை எவ்வாறு எட்டுகிறது என்ற கேள்வி பெர்கரை விடாமல் பற்றிக்கொண்டது. வானியல் படிப்பை விட்டு மருத்துவம் பயின்று, யேனா நகரத்து மனநல மருத்துவமனையில் சேர்ந்து, பின்னர் அதன் தலைவரானார். எண்ணத்தின் ஆற்றலை அளக்கப் பல வழிகளில் முயன்றார். பல ஆண்டுகள் தோல்வியே கிட்டியது.

1924 ஜூலை மாதத்தில், மண்டையோட்டில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டிருந்த 17 வயது இளைஞன் ஒருவனின் தலையில் மின்வாய்களைப் பொருத்தினார். அளவுமானி மெல்ல அசைந்தது. அசைந்தது மூளைதானா, அல்லது தசையோ இதயத்துடிப்போ கருவியின் கோளாறோ என்ற ஐயம் அவரை வாட்டியது. தம் மகன் கிளாவுசின் தலையிலும் மீண்டும் மீண்டும் சோதித்தார். ஐந்தாண்டுகள் கழித்து, 1929இல்தான் முடிவை வெளியிட்டார். அந்த வரைவுக்கு அவர் இட்ட பெயரே இன்று மருத்துவமனைகளில் 'இ.இ.ஜி.' என்று சுருங்கி வழங்குகிறது.

அவர் அளந்தது எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். சுவர்க் கடிகாரத்தில் நாம் இடும் பேட்டரியின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். தலைத்தோலின்மேல் எட்டும் மூளையலை ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட், அதாவது அந்தப் பேட்டரியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது அந்த அலை நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை எழுந்து தாழ்கிறது. கண்களைத் திறந்தவுடன் அடங்கிவிடுகிறது. அறிஞர் பலர் முதலில் இதை நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற எட்கர் ஏட்ரியன், மேத்யூஸ் என்ற துணைவரோடு சேர்ந்து சோதித்து உறுதிப்படுத்திய பின்னரே உலகம் பெர்கரின் பக்கம் திரும்பியது.

அந்த ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃப்ரெடெரிக் கிப்ஸ், அவருடைய மனைவி எர்னா, ஹாலோவெல் டேவிஸ், வில்லியம் லெனாக்ஸ் ஆகியோர் வலிப்பு நோயாளிகளின் தலையில் இக்கருவியைப் பொருத்தினர். லெனாக்ஸ் முன்னர்ச் சீனாவின் பீக்கிங்கில் மருத்துவ மிஷனெரியாக ஊழியம் செய்தவர். அங்கே நண்பரான மிஷனெரி ஒருவரின் மகள் இந்நோயால் துன்புற்றதைக் கண்டதே அவரை இத்துறைக்கு இழுத்தது. அவர்கள் கண்டது இதுதான்: சில நொடிகள் மட்டும் நினைவிழந்து வெறித்துப் பார்க்கும் பிள்ளைகளின் வரைவில், கூர்முனை ஒன்றும் அதைத் தொடர்ந்து அகன்ற அலை ஒன்றுமாக, நொடிக்கு மூன்று வீதம் ஒழுங்காக எழுந்தன. நோய் தன் கையெழுத்தைத் தானே இட்டதுபோல் இருந்தது. 1935இல் அவர்கள் அதை வெளியிட்டனர்.

இது நிகழும் விதத்தை எளிதாக விளக்கலாம். ஆராதனை தொடங்குமுன் ஆலயத்தில் எழும் பேச்சொலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தம் போக்கில் பேசுவதால் அது மெல்லிய முணுமுணுப்பாகவே கேட்கும். அத்தனை பேரும் ஒரே சொல்லை ஒரே நொடியில் உரக்கக் கூவி, மறுபடியும் மறுபடியும் கூவினால் எப்படியிருக்கும்? நலமான மூளையில் நரம்பணுக்கள் தத்தம் வேலைக்கேற்ப மின்துடிப்பை அனுப்புகின்றன. வலிப்பின்போது எண்ணற்ற அணுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரே தாளத்தில் துடிக்கின்றன. அந்தக் கூச்சலில் நினைவும் பேச்சும் அசைவும் தம் வழியை இழக்கின்றன. கூச்சல் ஓய்ந்ததும் பிள்ளை விழித்துக்கொள்கிறது. நடந்தது எதுவும் அதற்குத் தெரிவதில்லை.

கவனமில்லை, சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்று வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அடிவாங்கியிருப்பார்கள்! அவர்கள் குற்றமற்றவர்கள் என்பதற்கு அந்தக் காகிதச் சுருள் சாட்சி பகர்ந்தது. எவ்வகை வலிப்பு என்று பிரித்தறியவும், அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் அது உதவியது. 1912இல் பீனோபார்பிட்டாலும், 1938இல் பீனிட்டாயினும் வலிப்பு மருந்துகளாக வந்து சேர்ந்தன. பின்னர்க் கனடாவின் மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டும் ஹெர்பர்ட் ஜாஸ்பரும், வலிப்பு தொடங்கும் இடத்தை மின்வாய்களால் தேடி அறுவைச் சிகிச்சையால் நீக்கும் வழியை வளர்த்தனர்.

இத்துடன் முடிந்தால் இது அறிவின் வெற்றிக் கதையாக மட்டுமே இருந்திருக்கும். ஆனால் பெர்கரின் நாட்டுக்கு நாம் மீண்டும் செல்ல வேண்டும்.

1933 ஜூலை 14 அன்று ஹிட்லரின் அரசு ஒரு சட்டத்தை இயற்றியது. பரம்பரை நோயுள்ளவர்கள் பிள்ளை பெறாதபடி அவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அது வழிவகுத்தது. அந்த நோய்ப் பட்டியலில் பரம்பரை வலிப்பும் இருந்தது. அச்சட்டத்தின்கீழ் கருத்தடை செய்யப்பட்டவர்கள் எல்லா நோய்களையும் சேர்த்து ஏறத்தாழ 4,00,000 பேர். யார் யாருக்குச் செய்வது என்று தீர்க்கத் தனி நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. யேனாவின் மேல்நீதிமன்றத்தில் தீர்ப்பளிக்க அமர்ந்தவர்களுள் ஹான்ஸ் பெர்கரும் ஒருவர். வலிப்பு மூளையின் மின்னோட்டக் கோளாறு என்று உலகுக்குக் காட்ட வழிசெய்தவரே, அந்நோயுடையோரின் எதிர்காலத்தை அடைக்கும் பீடத்திலும் அமர்ந்தார். மனச்சோர்வுக்கு ஆளாகி 1941இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பாஸ்டனின் லெனாக்ஸும் 1930களில் இனமேம்பாட்டுக் கொள்கைக்கு ஆதரவாகப் பேசியவரே.

விஞ்ஞானிகளைக் குறைசொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அதே ஜெர்மனியில், பீலஃபெல்டு நகருக்கு அருகே பெத்தேல் என்ற இல்லம் 1867இல் சீர்திருத்தச் சபையாரின் முயற்சியால் வலிப்பு நோயாளிகளுக்காகவே தொடங்கப்பட்டது. போதகர் பிரீட்ரிக் ஃபான் போடெல்ஷ்விங் அதை வளர்த்து, வேலையும் வீடும் ஆராதனையும் உள்ள ஒரு குடியிருப்பாக்கினார். கைவிடப்பட்டோர் அங்கே மனிதராய் வாழ்ந்தனர். ஆனால் கருத்தடைச் சட்டம் வந்தபோது பெத்தேலும் அதற்கு இணங்கியது. 1940இல், நோயாளிகளைக் கொல்வதற்கென அரசு ஆள்பட்டியல் படிவங்களை அனுப்பியபோது, பிரீட்ரிக்கின் மகனான போதகர் பிரிட்ஸ் ஃபான் போடெல்ஷ்விங் அவற்றை நிரப்ப மறுத்தார். அவருடைய நண்பர் போதகர் பவுல் கெர்ஹார்ட் பிரவுனே, இக்கொலைகளை எதிர்த்து அரசுக்கு விரிவான மனு எழுதிச் சிறைப்பட்டார். அந்த எதிர்ப்பினால் அநேகர் உயிர் தப்பினர். ஆயினும் பெத்தேலின் யூத நோயாளிகள் அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

பிரியமானவர்களே, ஒருவரின் நோயை அறிந்துகொள்வது வேறு, அவரை நேசிப்பது வேறு என்பதை இந்த வரலாறு நமக்குக் காட்டுகிறது. முதலாவது வளர்ந்த இடத்தில் இரண்டாவது தானாக வளரவில்லை. கருவி மூளையின் அலையைக் காட்டும். அந்த மூளைக்குரியவர் தேவசாயலில் படைக்கப்பட்டவர் என்பதை எந்தக் காகிதமும் காட்டாது. அதைக் கூற வேண்டியது சபையின் பொறுப்பு. பெத்தேல் அதை ஒருமுறை கூறத் தவறியது, மறுமுறை துணிந்து கூறியது.

நம் நிலை என்ன? பிரிட்டனில் வலிப்புடையோர் மணம் புரிவதைத் தடுத்த சட்டம் 1970இல்தான் நீங்கியது. நம் நாட்டில் இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் தடையாக இருந்த 'வலிப்பு' என்ற சொல் 1999இல் நீக்கப்பட்டது. சட்டம் அழித்த சொல்லை நாம் நம் வீடுகளில் இன்னும் வைத்திருக்கிறோம். பெண் பார்க்கும்போது மறைக்கிறோம், தெரிந்துவிட்டால் விலகிப்போகிறோம், மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசத்தில் அமரும்படி சொல்லுகிறோம். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. தகுந்த சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காடு வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தச் சொல்வது விசுவாசம் அன்று. பிறருடைய பிள்ளையை மீண்டும் நெருப்பருகே நிறுத்துவதாகும். ஜெபியுங்கள், மாத்திரையையும் நேரத்துக்குக் கொடுங்கள்.

ஆலயத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்? கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்காதீர்கள். அதனால் பயன் ஏதுமில்லை. வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். அருகிலுள்ள கடினமான பொருள்களை அகற்றுங்கள். தலைக்கடியில் மென்மையான துணியை வையுங்கள். கழுத்தைச் சுற்றியுள்ளதைத் தளர்த்துங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கண்விழிக்கும்போது அருகில் ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்கட்டும். அவர் முதலில் காண்பது வேடிக்கை பார்க்கும் கூட்டமாக இருக்க வேண்டாம்.

நடந்ததை நன்றாக நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இ.இ.ஜி. எடுக்கும் வேளையில் மூளை அமைதியாக இருந்தால் வரைவு குறையின்றியே தோன்றும். ஆகையால் அதனால் மட்டும் நோய் இல்லை என்று தீர்ப்பதில்லை. எப்போது தொடங்கியது, எப்படி விழுந்தார், எவ்வளவு நேரம் நீடித்தது என்று அருகிலிருந்தவர் கூறும் சாட்சியையே இன்றும் மருத்துவர்கள் முதன்மையாகக் கேட்கின்றனர். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில், பிள்ளை தரையில் விழுந்து புரண்டுகொண்டிருக்கையில், இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று ஆண்டவரும் தகப்பனிடம் கேட்டார். அந்த வீட்டின் நெடுநாள் துயரத்தை அவர் செவிகொடுத்துக் கேட்டார். பின்பு, செத்துப்போனான் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

இந்த வாரம், இந்நோயை மறைத்து வாழும் ஒரு வீடு உங்கள் தெருவில் இருக்குமானால், அங்கே சென்று அந்தக் கேள்வியை அன்போடு கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். கர்த்தர் தாமே அவ்வீட்டாருக்கும் நமக்கும் இரக்கம் செய்வாராக. ஆமென்.