மேல் எது, கீழ் எது?

மீன்பாடும் தேன்நாட்டுக்காரருக்கு மீன் தலைக்குள்ள இருக்கிற வெள்ளைக் கல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குழம்பில சில நேரம் பல்லில கடிபடுமே, அதுதான். உடம்பு எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு எண்டு மீனுக்குச் சொல்வது அந்தக் கல். எங்கட உள்காதிலும் இதே ஏற்பாடுதான், ஆனால் கல்லுக்குப் பதிலாக மிகச்சிறிய சுண்ணாம்புத் துகள்கள். புவியீர்ப்பு அவற்றை இழுக்கிற பக்கத்தை மூளை 'கீழ்' எண்டு எடுத்துக்கொள்ளும்.

பூமியைச் சுற்றும் கலத்துக்குள் அந்த இழுவை உணரப்படாது. 1961 ஆகஸ்டில் வொஸ்தொக் 2 இல் போன கெர்மன் டிட்டோவுக்கு வயது 25. ரொக்கெட்டிலிருந்து கலம் பிரிந்ததும் தான் தலைகீழாக இருப்பதுபோல அவருக்குத் தோன்றியது. பிறகு குமட்டல், வாந்தி. விண்வெளியில் ஒரு நாளுக்கு மேல் இருந்த முதல் மனிதரும் அவர்தான், இந்த வருத்தத்தை முதலில் அனுபவித்தவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு சோவியத்காரர் வீரர்களைச் சுழல் கதிரையில் இருத்திச் சுற்றிச் சுற்றிப் பழக்கினார்கள். எங்களுக்குப் பிடித்தது அவர்களுடைய இன்னொரு வழி: வெறும் பெயின்ற்! மீர் நிலையத்தில் தரைக்குக் கடும் பச்சை, சுவருக்கு இளம் பச்சை, கூரைக்கு வெள்ளை. காது கைவிட்டால் கண்ணாவது சொல்லட்டும் எண்டுதான். இருட்டில வாவியிலிருந்து வெளியே போன தோணிக்காரர் 1913இல் கட்டின முகத்துவாரம் வெளிச்சவீட்டைத் தேடுவதும் அதே நியாயம்தானே. அமெரிக்கர் 1973இல் அனுப்பிய ஸ்கைலாபின் ஒரு பகுதியில் நாலாபக்கமும் கருவிகளைப் பொருத்தி, மேல் கீழ் இல்லாமல் விட்டார்கள். அங்கே வேலை செய்வது வீரர்களுக்குப் பிடிக்கவில்லை.

இனி ராகேஷ் ஷர்மா. 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 இல் புறப்பட்டு, சல்யூட் 7 நிலையத்தில் யோகாசனம் செய்து பார்த்தார். பாதத்துக்குக் கீழே பாரம் தெரியாததால் நிற்கவே ஏலாது. உடம்பைப் பிடித்துவைக்கத் தனியாக ஒரு வார்ப்பட்டி செய்யவேண்டி வந்தது. 'யோகா விண்வெளி நோயை வென்றது' எண்டு இப்பவும் கனபேர் பகிர்கிறார்கள். எங்களுக்கு அதில உடன்பாடில்லை. ஒரே ஆள், எட்டு நாளுக்கும் குறைவான பயணம். விண்வெளி செல்வோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்த வருத்தம் வரும், மற்றவர்களுக்கு ஒண்டும் செய்யாமலே வராது. வந்தவர்களுக்கும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். அப்படியிருக்க, ஒருவரை வைத்து எதை நிரூபிப்பது? முயற்சி நல்லது, முடிவுதான் அவசரம்.

இப்போது கடுமையாக வந்தால் புரோமெத்தசீன் ஊசி போடுகிறார்கள். பூமிக்குத் திரும்பினால் கதை மறுபக்கம்: கொஞ்ச நாளைக்கு நேராக நடக்கவே தள்ளாடும்.